விடை சரி, திசை தவறு: காந்தக் கணக்குகளில் கை விதிகள் எங்கே சறுக்குகின்றன

ப்ளஸ் டூ இயற்பியலில் காந்தவியல், மின்காந்தத் தூண்டல் என்ற இரண்டு பாடங்களிலும் மதிப்பெண் கரைவது பெரும்பாலும் திசையில்தான். தண்டையார்பேட்டையில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போது தினமும் இதைப் பார்க்கிறேன். எண் சரி, அலகு சரி, அம்புக்குறி மட்டும் எதிர்ப்பக்கம். விதியே தெரியாமல் தவறுகிறவர்கள் குறைவு. வலது கை பெருவிரல் விதி, திருகு விதி, ஃபிளெமிங் இடது கை, ஃபிளெமிங் வலது கை, அதற்கு மேல் லென்ஸ் விதி என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, எதை எங்கே எடுப்பது என்று குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

என் அபிப்பிராயம் இதுதான்: கணக்குப் போட வலது கை ஒன்றே போதும். அதில் இரண்டே வேலைகள்.

ஒன்று, நேரும் சுற்றும். எது நேராகப் போகிறதோ அது பெருவிரலுக்கு. எது வளைந்து சுற்றுகிறதோ அது மடங்கிய நான்கு விரல்களுக்கு.

இரண்டு, விசை. நான்கு விரல்களையும் வேகத்தின் திசையில் (கம்பி என்றால் மின்னோட்டத்தின் திசையில்) நீட்டு. அங்கிருந்து காந்தப்புலத்தின் திசைக்கு மடக்கு. பெருவிரல் காட்டுவது நேர்மின்னூட்டத்தின் மீதான விசை.

கை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாளில் வேகம் வலப்பக்கம், புலம் தாளின் மேல்விளிம்பு நோக்கி. விசை தாளை விட்டு எழுந்து உங்கள் முகத்தை நோக்கி வர வேண்டும். வராவிட்டால் மேற்கொண்டு எதையும் போடாமல் கீழே உள்ளதைப் படியுங்கள். எந்த அறிகுறி உங்களுடையதோ அங்கே நேராகப் போகலாம்.

"சார், இன்னா பண்ணாலும் எதிர்லயே வருது"

எல்லாக் கணக்கிலும் நேர் எதிராக வந்தால் கவலை வேண்டாம், கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முதலில் எந்தக் கையை நீட்டினீர்கள் என்று பாருங்கள். வலது கையில் பேனா இருக்கும். பெஞ்சின் மேல் சும்மா கிடப்பது இடது கை. யோசிக்கும் வேகத்தில் அதுதான் தானாக எழுந்து வரும். தேர்வு அறையில் நேரம் குறையக் குறைய இது இன்னும் கூடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவது என்று பழக்கிக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதும் பிள்ளைகள் இந்தத் தவறைச் செய்து நான் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு வலது கை எப்போதும் காலி.

கை சரி என்றால் அடுத்து குறியீட்டைப் பாருங்கள். வட்டத்துக்குள் புள்ளி என்றால் அம்பின் முனை நம்மை நோக்கி வருகிறது. வட்டத்துக்குள் பெருக்கல் குறி என்றால் அம்பின் வால், அதாவது தாளுக்குள் போகிறது. இதை மாற்றி எடுத்தால் கை எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தலைகீழ்தான்.

மூன்றாவது, வரிசை. வேகத்திலிருந்து புலத்துக்கு மடக்க வேண்டியதைப் புலத்திலிருந்து வேகத்துக்கு மடக்கினால் விசை திரும்பிவிடும். மணிக்கட்டு வசதியாக மடங்குகிற பக்கம் மடக்குவதால் வரும் வினை இது. வசதியாக மடங்கவில்லை என்றால் கையைத் திருப்புங்கள், எழுந்து நின்றுகூடத் திருப்புங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

எலக்ட்ரான் வந்தால் மட்டும் தவறுகிறது

விதி நேர்மின்னூட்டத்துக்கு எழுதப்பட்டது. எலக்ட்ரான் என்றால் முதலில் நேர்மின்னூட்டம் என்றே பாவித்து விசையைக் கண்டுபிடியுங்கள், கடைசியில் ஒரே ஒரு முறை திருப்புங்கள். சிலர் வேகத்தைத் தொடக்கத்திலேயே திருப்பிவிட்டு, முடிவில் விசையையும் திருப்புகிறார்கள். இரண்டு முறை திருப்பினால் திருப்பாததற்குச் சமம்.

நம் ஊரிலேயே ஒரு கணக்கு. டோல்கேட் பக்கம் எண்ணூர் நோக்கி நின்றால் முன்னால் வடக்கு, வலது கைப்பக்கம் கடல், அது கிழக்கு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே போவதால் சென்னையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய கிடைமட்டமாக, வடக்கு நோக்கி இருக்கிறது. சரிவுக் கோணம், அதாவது புலம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம், சில டிகிரிதான். 1963இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்தக் கோட்டின் அருகாமைதான் காரணம். சரி, ஓர் எலக்ட்ரான் கடலை நோக்கி, அதாவது கிழக்கே போகிறது. விரல்கள் கிழக்கே நீட்டி வடக்கே மடங்கினால் பெருவிரல் வானத்தைக் காட்டும். நேர்மின்னூட்டத்துக்கு விசை மேலே, ஆகவே எலக்ட்ரானுக்குக் கீழே.

இதே இடத்தில் நின்று, தலைக்கு மேலிருந்து நேராக இறங்கும் ஒரு புரோட்டானுக்கும் போட்டுப் பாருங்கள். விரல்கள் தரையை நோக்கி, பிறகு வடக்கே மடக்கினால் பெருவிரல் கிழக்கே போகும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கிழக்கு வானத்தைவிட மேற்கு வானத்திலிருந்து அதிகம் வந்து சேர்கின்றன என்று 1930களில் அளந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை நேர்மின் துகள்கள் என்று இந்தக் கையசைவை வைத்தே முடிவுக்கு வந்தார்கள். ஒரு கை விதியைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத துகளின் மின்னூட்டத்தைச் சொல்ல முடிகிறது என்பது எனக்கு இன்னும் சலிக்காத விஷயம்.

நேரான கம்பிக்கு வருகிறது, சுருளுக்கு வரவில்லை

இங்கே குழப்பம் பெருவிரலில். நேரான கம்பியில் பெருவிரல் மின்னோட்டம் என்று படித்திருப்பார்கள். வரிச்சுருளில் பெருவிரல் காந்தப்புலம். "ஒரே விதி, ஏன் மாறுது?" என்று கேட்பார்கள். மாறவில்லை. நேரான கம்பியில் மின்னோட்டம் நேராகப் போகிறது, புலம் அதைச் சுற்றுகிறது. சுருளில் மின்னோட்டம் சுற்றுகிறது, புலம் உள்ளே நேராகப் போகிறது. நேரானதுக்குப் பெருவிரல், சுற்றுவதற்கு நான்கு விரல். இதைப் புரிந்துகொண்டால் இரண்டு விதிகளும் ஒன்றாகிவிடும். சுருளில் பெருவிரல் காட்டும் முனைதான் வடமுனை.

அப்படியும் சுருளில் தவறினால் படத்தைப் பாருங்கள். கம்பி சுருளின் முன்பக்கமாக ஏறுகிறதா, பின்பக்கமாக ஏறுகிறதா? படத்தில் முழுக்கோடாகத் தெரிவது முன்பக்கம். அந்தக் கோட்டின் மேல் மின்னோட்டத்துக்கு ஓர் அம்பு போட்டுவிட்டுப் பிறகு கையை வையுங்கள். பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து வடமுனையைச் சொல்லிவிட முடியாது. சுற்றிய திசையும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

திருகு விதியில் (திருகு முன்னேறும் பக்கம் மின்னோட்டம், அதைச் சுழற்றும் பக்கம் புலம்) பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது வலது மரைத் திருகுக்கு மட்டும்தான் பொருந்தும். வெல்டிங் பட்டறையில் அசிட்டிலீன் சிலிண்டர் இணைப்பின் நட்டு இடது மரை, அடையாளத்துக்கு அதன் விளிம்பில் வெட்டு இருக்கும். சைக்கிளின் இடது பெடலும் அப்படித்தான். அவற்றைக் கழற்றிப் பழகிய கையோடு கணக்குப் போட்டால் விடை தலைகீழாக வரும்.

விசையைக் காந்த முனையை நோக்கி வரைகிறேன்

காந்தம் இரும்பை இழுப்பதைப் பார்த்த பழக்கம் இது. மின்னோட்டம் பாயும் கம்பியை வடமுனையும் இழுக்காது, தென்முனையும் இழுக்காது, பக்கவாட்டில்தான் தள்ளும். விசை எப்போதும் வேகத்துக்கும் செங்குத்து, புலத்துக்கும் செங்குத்து. விடை எழுதியதும் இந்த இரண்டையும் சரிபாருங்கள். தாளில் வேகமும் புலமும் இரண்டும் கிடந்தால் விசை தாளில் இருக்கவே முடியாது, உள்ளேயோ வெளியேயோதான் போக வேண்டும்.

வேகமும் புலமும் ஒரே கோட்டில் இருந்தால் விசை பூஜ்யம். கையில் மடக்க இடமே இல்லை என்றால் அதுதான் விடை.

கோணம் 30 டிகிரி, 50 டிகிரி என்று வரும்போது சிலர் திணறுகிறார்கள். மூன்று விரல்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிடிக்கும் ஃபிளெமிங் முறையில் இது கையில் அடங்காது. நான்கு விரல்களை வேகத்தில் வைத்துச் சிறிய கோணத்தின் வழியே புலத்துக்கு மடக்குங்கள். கோணம் எவ்வளவாக இருந்தாலும் பெருவிரல் அதே திசையைத்தான் காட்டும்; விசையின் அளவு மட்டும் சைன் மதிப்பால் குறையும்.

இடது கையா, வலது கையா என்று தெரியவில்லை

ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராக இருந்தவர். மோட்டாருக்கு இடது கை, ஜெனரேட்டருக்கு வலது கை என்று அவர் வகுத்தது மாணவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான். "ஃபிளெமிங் இடது கை விதியைக் கூறுக" என்று கேட்டால் பாடநூலில் உள்ளபடி எழுதுங்கள், அதில் சமரசம் வேண்டாம். கணக்கில் திசை காண மட்டும் அது எனக்குத் தேவையில்லாத சுமையாகவே தெரிகிறது. எந்தக் கை என்ற யோசனையிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது.

ஒரே கையால் இரண்டையும் எப்படிப் போடுவது? இரண்டு தண்டவாளங்கள் போலக் கிடக்கும் கடத்திகளின் மேல் ஒரு செம்புத் தண்டு நிற்கிறது, புலம் தாளுக்குள். தண்டை வலப்பக்கம் தள்ளுகிறோம். தண்டுக்குள் இருக்கும் மின்னூட்டங்களும் அதனுடன் வலப்பக்கம் நகர்கின்றன. விரல்கள் வலப்பக்கம், தாளுக்குள் மடக்கு, பெருவிரல் மேலே. ஆகவே தூண்டப்பட்ட மின்னோட்டம் தண்டில் மேல்நோக்கி. இது ஜெனரேட்டர். இப்போது அந்த மின்னோட்டத்துக்கே விசை காணுங்கள். விரல்கள் மேலே, தாளுக்குள் மடக்கு, பெருவிரல் இடப்பக்கம். நாம் தள்ளிய திசைக்கு எதிர். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்ற லென்ஸ் விதி கேட்பதும் அதையேதான். கை ஒன்று, விதி ஒன்று, விடையும் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது.

அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் ஜெனரேட்டர்களிலும் நடப்பது இதுவேதான். அங்கே கம்பி அசையாமல் நிற்க, காந்தம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது. காந்தம் நகரும் கணக்கு வந்தால், காந்தத்தின் பார்வையில் கம்பி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டு, அந்தத் திசையை வேகமாக எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் வேகத்தையே அப்படியே எடுத்தால் விடை தலைகீழாகிவிடும்.

தண்டுக் கணக்கில் இன்னொரு கண்ணி உண்டு: எந்த முனை உயர் மின்னழுத்தம்? மின்னோட்டம் உயர்விலிருந்து தாழ்வுக்குப் பாயும் என்று படித்ததால் கீழ்முனை என்று எழுதிவிடுகிறார்கள். தண்டு இங்கே பேட்டரியின் இடத்தில் இருக்கிறது. பேட்டரிக்கு உள்ளே மின்னோட்டம் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போகும். ஆகவே நம் தண்டில் மேல்முனைதான் நேர்முனை.

லென்ஸ் விதியில் பாதிக் கணக்கு சரி, பாதி தவறு

சரியாகப் பாதி தவறுகிறது என்றால் "தூண்டப்பட்ட புலம் எப்போதும் எதிர்ப்புலம்" என்று மனத்தில் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். லென்ஸ் 1834இல் சொன்னது மாற்றத்துக்கு எதிர்ப்பு பற்றி. காந்தப்பாயம் (வளையத்துக்குள் ஊடுருவும் புலத்தின் மொத்த அளவு) கூடினால் அதைக் குறைக்கப் பார்க்கும், ஆகவே எதிர்த்திசை. குறைந்தால் ஈடுகட்டப் பார்க்கும், ஆகவே அதே திசை.

நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள், ஒன்றையும் தாண்டாதீர்கள். வளையத்துக்குள் புலம் எந்தப் பக்கம்? பாயம் கூடுகிறதா, குறைகிறதா? அப்படியானால் தூண்டப்பட்ட புலம் எந்தப் பக்கம்? பெருவிரலை அந்தப் பக்கம் வைத்தால் விரல்கள் எப்படிச் சுற்றுகின்றன?

வகுப்பில் இதைக் காட்ட எனக்குப் பிடித்தது செம்புக் குழாய்ச் சோதனை. ஏசி மெக்கானிக்கிடம் கேட்டால் ஒரு துண்டுக் குழாய் கிடைக்கும். உள்ளே தாராளமாக நுழைகிற ஒரு வலுவான நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து விடுங்கள். செம்பைக் காந்தம் இழுக்காது என்பதை முதலில் ஒட்டிப் பார்த்துக் காட்டிவிட வேண்டும். அப்புறம் விட்டால், காந்தம் விழாமல் மெதுவாக இறங்கும். கீழ்முனையில் கைவைத்துக் காத்திருக்கும் பிள்ளை குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்க்கும்.

குழாயை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்கள் என்று எடுத்துக்கொள்வோம். காந்தத்தின் வடமுனை கீழே. காந்தத்துக்குக் கீழே உள்ள வளையத்தில் புலம் கீழ்நோக்கி, காந்தம் நெருங்குவதால் பாயம் கூடுகிறது. எதிர்த்திசை வேண்டும், பெருவிரல் மேலே. மேலிருந்து பார்த்தால் மின்னோட்டம் இடஞ்சுழி. இப்போது காந்தத்துக்கு மேலே உள்ள வளையம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: காந்தம் மேலே தென்முனையைக் காட்டுவதால் புலம் மேல்நோக்கி என்று எழுதுகிறார்கள். புலக்கோடுகள் தென்முனைக்குள் நுழைகின்றன, ஆகவே அங்கேயும் புலம் கீழ்நோக்கித்தான். காந்தம் விலகுவதால் பாயம் குறைகிறது. அதே திசை வேண்டும், பெருவிரல் கீழே. மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி.

கீழ் வளையம் காந்தத்தை எதிர்த்துத் தள்ளுகிறது, மேல் வளையம் பிடித்து இழுக்கிறது. இரண்டும் வீழ்ச்சியைத் தடுக்கின்றன. உங்கள் விடையில் ஏதாவது ஒரு வளையம் காந்தத்தை வேகமாக விழச் செய்வது போல வந்தால், அது தவறு; அப்படி நடந்தால் ஆற்றல் ஒன்றுமில்லாததிலிருந்து பிறக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் விடைத்தாளில் தவறு போட்டிருந்தால், எந்தப் பக்கமிருந்து பார்த்தீர்கள் என்று பாருங்கள். மேலிருந்து வலஞ்சுழி என்பது கீழிருந்து இடஞ்சுழி. "மேலிருந்து பார்க்க", "காந்தத்தின் பக்கமிருந்து பார்க்க" என்று எழுதாத சுழிக்கு அர்த்தமே இல்லை.

தாளில் சரி, காம்பஸில் தவறு

1820இல் கோபன்ஹேகனில் ஆயர்ஸ்டெட் பார்த்ததையே நாமும் பார்க்கப்போகிறோம். ஒரு பேட்டரி, ஒரு கம்பி, ஒரு காம்பஸ். மின்னோட்டம் வடக்கே பாய்ந்தால், கம்பிக்கு மேலே வைத்த ஊசி கிழக்கே திரும்பும், கீழே வைத்த ஊசி மேற்கே திரும்பும். பெருவிரலை வடக்கே வைத்துப் பாருங்கள், மேலே விரல்கள் கிழக்கே போகும்.

எதிர்ப்பக்கம் திரும்பினால் காம்பஸ் கம்பிக்கு மேலா கீழா என்று முதலில் பாருங்கள். அடுத்து பேட்டரியின் முனைகள். அதற்கும் அடுத்து காம்பஸே சரியா என்பது. மலிவான காம்பஸ் வலுவான காந்தத்தின் அருகே கிடந்தால் ஊசியின் முனை மாறிவிடும். கம்பியே இல்லாமல் சிவப்பு முனை எண்ணூர்ப் பக்கம் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். செல்போனில் பார்க்கிறவர்கள் காந்த மூடி வைத்த கவரைக் கழற்ற வேண்டும், இரும்பு மேசையில் வைக்கக் கூடாது.

ஊசி அசையவே இல்லையா? கம்பி கிழக்கு மேற்காக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்போது கம்பியின் புலம் வடக்கு தெற்காக விழும். பூமியின் புலத்தோடு கூடும் அல்லது கழியும், ஊசியைத் திருப்பாது. கம்பியை வடக்கு தெற்காக வைத்தால்தான் சோதனை தெரியும். வீட்டு மின்சாரத்தை இதற்குத் தொடவே கூடாது, ஆபத்து. தொட்டாலும் பலன் இல்லை: 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது, ஊசியால் பின்தொடர முடியாது. கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் தலைக்கு மேல் ஓடும் 25,000 வோல்ட் மின்கம்பியும் மாறுதிசைதான், காம்பஸை வைத்து அதன் திசையைச் சொல்ல முடியாது.

இது வெறும் லேப் விஷயம் இல்லை. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுப்பேன். காம்பஸுக்கு 10 சென்டிமீட்டர் கீழே, படகின் பின்னாலிருந்து முன்னால் ஒரு பேட்டரி வயர், 5 ஆம்பியர். படகு வடக்கே போகிறது. வயர் தரும் புலம் 10 மைக்ரோடெஸ்லா, கிழக்கு நோக்கி. சென்னையில் பூமியின் கிடைமட்டப் புலம் சுமார் 40. நாலில் ஒரு பங்கு என்றால் ஊசி ஏறக்குறைய 14 டிகிரி கிழக்கே விலகும். விளக்கைப் போட்டால் விலகும், அணைத்தால் திரும்பும். தீர்வும் கை விதியிலேயே இருக்கிறது: போகிற வயரையும் திரும்புகிற வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும்.

செய்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, அல்லது சுற்றவே இல்லை

எதிர்ப்பக்கம் சுற்றினால் பேட்டரியைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் காந்தத்தைத் திருப்புங்கள். இரண்டையும் திருப்பினால் பழைய பக்கமே சுற்றும். மிக்ஸி மோட்டார் மாறுதிசை மின்சாரத்திலும் ஒரே பக்கம் சுற்றுவது இதனால்தான்: அதில் புலத்தைத் தரும் சுருளும் ஆர்மேச்சரும் (சுழலும் சுருள்) தொடரில் இருப்பதால் இரண்டிலும் மின்னோட்டம் ஒன்றாகத் திரும்புகிறது.

பேட்டரி முனைகளில் நிறுத்திய ஊக்குகளில் மாட்டிய சுருள் அங்கும் இங்கும் ஆடி நின்றுவிட்டால் திசையில் தவறில்லை, சுரண்டியதில் தவறு. சுருளின் இரண்டு பக்கங்களிலும் மின்னோட்டம் எதிரெதிர், விசையும் எதிரெதிர், அதனால்தான் சுழல்கிறது. அரைச்சுற்று முடிந்ததும் பக்கங்கள் இடம் மாற, விசை சுருளைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். அந்த அரைச்சுற்றுக்கு மின்னோட்டம் நிற்க வேண்டும். வைண்டிங் கம்பியின் எனாமலை முழுக்கச் சுரண்டாமல், சுருளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு இரண்டு முனைகளிலும் மேல்பாதியை மட்டும் சுரண்டுங்கள். ஒரு முனையில் மேல்பாதி, மறுமுனையில் கீழ்பாதி என்று சுரண்டிவிட்டால் மின்னோட்டம் எப்போதுமே பாயாது. அந்தக் கம்பியை விட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றுவதே வேகமான வழி.